வைப்பர் பிளேடின் இயக்கத்தை மாதிரியாக்குதல்: கீச்சொலி திரும்பும் இடத்தில் மட்டும் எழுவது ஏன்?

அலைவுநாடி

அனைவருக்கும் வணக்கம். காரின் முன்கண்ணாடி வைப்பர் எப்போது கீச்சிடுகிறது, எப்போது துள்ளுகிறது என்பதை ஒரு கணித மாதிரியின் வழியாகப் புரிந்துகொள்ளச் சில வாரங்களாக முயன்றுவருகிறேன். என் மாதிரி மிக எளியது. கண்ணாடியைத் தொடும் ரப்பர் நுனியை ஒரு நிறை, ஒரு சுருள்வில், ஒரு தணிப்பான் ஆகியவற்றின் தொகுப்பாகக் கொண்டேன். பிளேடை நிலையாக வைத்து, கண்ணாடி அதன் அடியில் ஒரு பட்டையைப்போல ஓடுவதாக எடுத்துக்கொண்டேன். உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில், சார்புத் திசைவேகத்தின் குறியை மட்டும் பொறுத்து அமைகிறது.

நான் எடுத்துக்கொண்ட அளவுகள் இவை. நுனியின் தடிமன் 0.7 மி.மீ., நீளம் 4 மி.மீ., ரப்பரின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 5 மெகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 1200 கிலோகிராம். ஒரு முனை பொருத்தப்பட்ட சட்டமாக நுனியைக் கருதினால் இயல்பு அதிர்வெண் ஏறக்குறைய 455 ஹெர்ட்ஸ் வருகிறது. தணிப்பு விகிதம் (அலைவு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு) 0.1, அழுத்தும் விசை பிளேடின் ஒரு மீட்டர் நீளத்திற்கு 15 நியூட்டன், உராய்வுக் கெழு 0.2. பிளேடின் நீளம் 600 மி.மீ.; அதன் உள்முனை சுழலச்சிலிருந்து 0.2 மீட்டரிலும் வெளிமுனை 0.8 மீட்டரிலும் உள்ளன. பிளேடு கண்ணாடியைத் துடைத்துச் செல்லும் வீச்சு 90 பாகை, வேகம் நிமிடத்திற்கு 45 சுற்று. சமன்பாட்டை முன்னோக்கு ஆய்லர் முறையில் (சிறு காலப் படிகளாக முன்னேறும் எளிய எண்முறை) 0.1 மில்லிவினாடிக் காலப் படியுடன் தீர்க்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், என் மாதிரியில் வீச்சு முழுவதும் அதிர்வு எழுகிறது. உண்மையான வைப்பரோ நடுவீச்சில் அமைதியாக ஓடி, திரும்பும் இடத்தை நெருங்கும்போதும் அங்கிருந்து புறப்படும்போதும் மட்டும் கீச்சிடுகிறது. தவறு எங்கே இருக்கிறது?

மேசைக்கணக்கு

இயற்பியலைத் தொடுவதற்கு முன் காலப் படியைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். ஒற்றை நிறை மாதிரியில் உராய்வுக் கெழு மாறிலியாக இருக்கும்வரை, சறுக்கிக்கொண்டிருக்கும் நுனியில் நீடித்த அதிர்வு எழ வழியே இல்லை. அந்த விசை சமநிலைப் புள்ளியைச் சற்றுத் தள்ளிவைக்குமே தவிர ஆற்றல் எதையும் ஊட்டாது. உங்கள் எண்களின்படி அந்தத் தள்ளல் ஏறக்குறைய 0.45 மி.மீ.; அதைச் சுற்றி எழும் எந்த அலைவும் தணிந்தே தீர வேண்டும்.

நீங்கள் காண்பது ஆய்லர் முறையின் அதிர்வு. தணிப்பு விகிதத்தின் இருமடங்கைக் கோண அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் காலத்தைவிடப் படி பெரிதாக இருந்தால், அந்த முறை தணிய வேண்டிய அலைவை வளர்த்துவிடும். உங்கள் கோண அதிர்வெண் வினாடிக்கு 2865 ரேடியன், ஆகவே வரம்பு 0.07 மில்லிவினாடி. நீங்கள் 0.1 எடுத்திருக்கிறீர்கள்; ஒவ்வொரு படியிலும் அலைவின் அளவு 1.2 சதவீதம் பெருகுகிறது. உராய்வின் குறி மாறும் இடத்தில்தான் அது முட்டி நிற்கிறது என்பதால் பார்ப்பதற்கு நிலைத்த அதிர்வுபோலத் தோன்றுகிறது. அதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரூங்கே-குட்டா முறைக்கு மாறுவது நல்லது.

அலைவுநாடி

நீங்கள் சொன்னது சரிதான். படியை 0.05 ஆக்கியதும் அதிர்வு முழுவதும் மறைந்துவிட்டது. ஆனால் இப்போது என் மாதிரி அடியோடு ஊமையாகிவிட்டது. திரும்பும் இடத்தில்கூட ஒரு முனகல் இல்லை. இரண்டு வாரங்களாக நான் ஆராய்ந்தது ரப்பரை அல்ல, என் நிரலை என்பதை எண்ணினால் சிரிப்புத்தான் வருகிறது.

ரப்பர்ப்பால்

ஊமையான மாதிரி பொய் பேசும் மாதிரியைவிட மேலானது. இனி உராய்வுக்கு வருவோம்.

நனைந்த கண்ணாடியின் மீது ரப்பரின் உராய்வுக் கெழு மாறிலி அன்று. சார்புத் திசைவேகம் போதிய அளவு அதிகமாக இருக்கும்போது நுனிக்கும் கண்ணாடிக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துகொள்வதால் கெழு 0.1, 0.2 என்ற அளவில் தாழ்ந்திருக்கும். வேகம் குறையக் குறையப் படலம் மெலிந்து, ரப்பரின் நுண்மேடுகள் கண்ணாடியை நேரடியாகத் தொடத் தொடங்கும். உராய்வு ஏறும். மிகக் குறைந்த வேகத்தில் அது உலர்ந்த நிலையின் மதிப்பை நோக்கிப் போகும். உலர்ந்த கண்ணாடியில் ரப்பரின் கெழு ஒன்றையும் தாண்டக்கூடியது. உயவுப் பொறியியலில் இதனை ஸ்ட்ரைபெக் வளைவு என்பார்கள். மழை விட்டபின் கண்ணாடி உலரும் தறுவாயில், முழு ஈரமும் இல்லாமல் முழு உலர்வும் இல்லாமல் பிசுபிசுப்பாக ஒரு நிலை வரும் அல்லவா, அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. வைப்பர் வாங்கிய பலரும் "மழை பெய்யும்போது நன்றாக ஓடுகிறது, நின்றதும் அலறுகிறது" என்று சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு வேண்டிய செய்தி இந்த வளைவின் சரிவில் இருக்கிறது. வேகம் கூடும்போது உராய்வு குறையும் பகுதியில் நுனி இருக்கிறது என்று வையுங்கள். அந்த நுனி தற்செயலாகக் கண்ணாடி ஓடும் திசையில் சற்று நகர்ந்தால் சார்பு வேகம் குறைகிறது; அதனால் உராய்வு கூடி, நுனியை அது ஏற்கெனவே நகரும் திசையிலேயே மேலும் இழுக்கிறது. எதிர்த்திசையில் நகர்ந்தால் இழுப்பு தளர்கிறது. இரண்டு அரைச்சுற்றுகளிலும் உராய்வு அலைவுக்கு ஆற்றலை ஊட்டுகிறது, அதாவது எதிர்மறைத் தணிப்பாகச் செயல்படுகிறது. இந்த எதிர்மறைத் தணிப்பு ரப்பரின் சொந்தத் தணிப்பை விஞ்சும்போது அலைவு வளரும்.

கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் அளவுகளில் ரப்பரின் தணிப்புக் கெழு, ஒரு மீட்டர் நீளத்திற்கு, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 0.47 நியூட்டன். அதனை 15 நியூட்டன் அழுத்தத்தால் வகுத்தால் 0.03 வரும். வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் கூடும்போது உராய்வுக் கெழு 0.03-க்கு மேல் குறையும் சரிவு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் நுனி நிலையிழக்கும். உண்மையான வளைவின் கீழ்வேகப் பகுதியில் சரிவு இதைப்போலப் பல மடங்கு. எடுத்துக்காட்டாக 0.1 என்று மிகவும் அடக்கமாகவே எடுத்துக்கொண்டாலும், 1.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை அலைவின் அளவு ஏறத்தாழ 2.7 மடங்காகும்.

அலைவுநாடி

அப்படியானால் கண்ணாடியின் ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். வீச்சு எளிய சீரிசை இயக்கம் என்று கொண்டால், பிளேடின் உள்முனை நடுவீச்சில் வினாடிக்கு 0.74 மீட்டர், நடுப்பகுதி 1.85 மீட்டர், வெளிமுனை 2.96 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. வேகம் வினாடிக்கு 0.3 மீட்டருக்குக் கீழே இறங்கும் பகுதியை ஆபத்தான பகுதி என்று வைத்துக்கொண்டால், திரும்புவதற்கு முன் வெளிமுனை அதில் 21 மில்லிவினாடி மட்டுமே இருக்கிறது. நடுப்பகுதி 34, உள்முனை 88 மில்லிவினாடி. திரும்பிய பின்னரும் அதே அளவு. ஒரே பிளேடின் இரு முனைகளுக்குள் நான்கு மடங்கு வேறுபாடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ரப்பர்ப்பால்

அந்த 0.3 என்ற எல்லையைக் கல்லில் செதுக்கிவிடாதீர்கள். அது ரப்பரைப் பொறுத்தது, நீரின் அளவைப் பொறுத்தது, வெப்பநிலையைப் பொறுத்தது. ரப்பரின் உராய்வில் வேகமும் வெப்பநிலையும் தனித்தனிச் செய்திகள் அல்ல என்பதை 1963-இலேயே குரோஷ் என்ற ஆய்வாளர் தம் சோதனைகளால் காட்டிவிட்டார்: பல வெப்பநிலைகளில் அளந்த உராய்வு வளைவுகளை வேக அச்சில் நகர்த்தினால் அவை ஒரே தலைமை வளைவில் வந்து பொருந்துகின்றன. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை வில்லியம்ஸ், லாண்டல், ஃபெர்ரி மூவரும் 1955-இல் தந்த சமன்பாடு சொல்லும். ஆகவே குளிர்ந்த காலையில் கீச்சிடும் பிளேடு நண்பகலில் அமைதியாக இருந்தால் அதில் வியப்பில்லை.

ரப்பரின் மேற்பரப்பும் உள்ளிருப்பதும் ஒன்றல்ல. பிளேடைச் செய்யும்போது குளோரினால் பதப்படுத்தி மேற்பரப்பைக் கடினமாக்குவதும் கிராஃபைட் பூசுவதும் வழக்கம். அந்த மெல்லிய அடுக்கு தேய்ந்த பிளேடும் புதிய பிளேடும் உங்கள் மாதிரியில் ஒரே யங் குணகத்தைக் கொண்டிருக்கும். உராய்வு வளைவு மட்டும் முற்றிலும் வேறாக இருக்கும்.

பழைய பொறியாளர்

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். "வைப்பர் ஒலி" என்று எல்லோரும் ஒரே பெயரில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. குறைந்தது மூன்று நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது நீங்கள் பேசும் கீச்சொலி. அது சில நூறு ஹெர்ட்ஸ் முதல் ஆயிரத்தையும் தாண்டிய அதிர்வெண்களில் வரும், அதிர்வது ரப்பர் நுனியும் அதன் கழுத்தும்தான். இரண்டாவது துள்ளல். அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிகழும். அங்கே கை, பிளேடு, இணைப்புத் தண்டுகள் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன, கண்ணாடியில் கோடுகோடாக நீர்த்தடம் விழுகிறது. மூன்றாவது, பிளேடு திசைமாறும்போது ரப்பர் ஒரு சாய்விலிருந்து மறுசாய்வுக்குப் புரண்டு விழும் "டப்" என்ற மோதல் ஒலி. அதற்கு உராய்வின் சரிவு தேவையே இல்லை. புரளும் ரப்பரின் வேகமும் கைத்தண்டின் நிறையும் போதும்.

4 மி.மீ. நுனியின் மாதிரியை வைத்துத் துள்ளலைத் தேடினால் கிடைக்காது. அதற்குக் கைத்தண்டின் முறுக்கு விறைப்பும், ஓட்டுநர் பக்கக் கையும் மறுபக்கக் கையும் ஒரே இணைப்பால் பிணைந்திருப்பதும் வேண்டும். இரண்டு சுதந்திர இயக்கக் கூறுகளோடு அந்தச் சமன்பாடுகளை எழுதினால், சில மோட்டார் வேகங்களில் ஒழுங்கான அலைவும் வேறு சில வேகங்களில் ஒழுங்கற்ற இயக்கமும் கிடைப்பதைக் காணலாம்.

மற்றொன்று: சீரிசை இயக்கம் என்ற எடுகோள் முதல் முயற்சிக்குப் போதும், அதற்குமேல் போதாது. மோட்டாரின் சீரான சுழற்சியை நான்கு தண்டு இணைப்புதான் ஊசலாட்டமாக மாற்றுகிறது. அதனால் ஒரு பக்கத் திரும்பலும் மறுபக்கத் திரும்பலும் ஒரே முடுக்கத்தில் நிகழ்வதில்லை. கீச்சொலி ஒரு பக்கத்தில் நீண்டும் மறுபக்கத்தில் குறுகியும் கேட்டால் முதலில் அந்த இணைப்பின் வடிவியலைப் பாருங்கள்.

இறுதியாண்டு மாணவி

ஐயா, என் திட்டப்பணிக்காக ஒரு பழைய பிளேடைக் கவனித்துவந்தேன். அது மேலே போகும்போது அமைதியாகவும் கீழே வரும்போது துள்ளியும் ஓடுகிறது. உராய்வு வளைவு இரு திசைக்கும் ஒன்றுதானே? அப்படியிருக்க ஒரு திசையில் மட்டும் துள்ளுவதை எந்த மாதிரியில் அடக்குவது?

பழைய பொறியாளர்

நல்ல கேள்வி, அம்மா. வகுப்பில் சாக்குக்கட்டியால் கரும்பலகையில் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியைச் சாய்த்துப் பின்னால் இழுத்தால் அமைதியாக எழுதும். அதே சாய்வில் முனையை முன்னால் வைத்துத் தள்ளினால் கிறீச்சிட்டுத் துள்ளும். சாக்குக்கட்டி மாறவில்லை, பலகையும் மாறவில்லை. உராய்வு விசை முனையைப் பரப்பிலிருந்து விலக்குகிறதா, பரப்புக்குள் குத்துகிறதா என்பதே மாறியது.

வைப்பர் ரப்பர் சரியாக வேலை செய்யும்போது நுனி எப்போதும் கழுத்துக்குப் பின்னால் இழுபட்டு வர வேண்டும். அதற்காகத்தான் கழுத்தை மெல்லியதாக வார்த்து, ஒவ்வொரு திரும்பலிலும் அது புரளும்படி செய்கிறார்கள். ரப்பர் இறுகிப்போனாலோ, கைத்தண்டு சற்று முறுக்கிக்கொண்டதால் பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நில்லாவிட்டாலோ, ஒரு திசையில் நுனி புரளாமல் முன்னால் நீட்டிக்கொண்டே தள்ளப்படும். வளைந்த கண்ணாடியில் இந்தக் கோணம் வீச்சின் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுனியை விறைப்பான நெம்புகோலாகவும், அதன் மேல்முனையில் மாறாத திருப்புத்திறன் ஒன்று அழுத்துவதாகவும் கொண்டால் கணக்கு எளிது. செங்குத்துக் கோட்டிலிருந்து நுனியின் சாய்வு 20 பாகை என்போம். அதன் டேன் மதிப்பு 0.364. உராய்வுக் கெழுவை அந்த மதிப்பால் வகுங்கள். நுனி முன்னால் இருந்தால் கிடைத்த ஈவை ஒன்றிலிருந்து கழியுங்கள், பின்னால் இருந்தால் ஒன்றோடு கூட்டுங்கள்; உராய்வில்லாத நிலையின் செங்குத்து விசையை அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான செங்குத்து விசை வரும். கெழு 0.2 என்றால், தள்ளப்படும் நுனியில் விசை 2.2 மடங்காகிறது, இழுபடும் நுனியில் 0.65 மடங்காகக் குறைகிறது. கெழு 0.364-ஐ நெருங்கும்போது தள்ளப்படும் நுனி பூட்டிக்கொள்ளும். உண்மையான ரப்பர் வளைந்துகொடுப்பதால் விசை முடிவிலிக்குப் போகாது. நுனி பூட்டி, வளைந்து, விடுபட்டு, தாவி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். உங்கள் துள்ளல் அதுதான்.

மேசைக்கணக்கு

இதில் ஒரு கணிதச் செய்தி ஒளிந்திருக்கிறது. கிடைத்திசை அலைவும் செங்குத்துத்திசை அலைவும் இப்படிப் பிணையும்போது விறைப்பு அணி (இடப்பெயர்ச்சிகளை விசைகளோடு இணைக்கும் எண் அட்டவணை) சமச்சீரை இழக்கிறது, ஏனெனில் செங்குத்து இடப்பெயர்ச்சி உராய்வின் வழியாகக் கிடைவிசையை உண்டாக்குகிறது, ஆனால் கிடை இடப்பெயர்ச்சி அதே அளவில் திருப்பித் தருவதில்லை. சமச்சீரற்ற அணியின் இரண்டு அதிர்வெண்கள் உராய்வு கூடக்கூட ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றிவிட்டால் ஓர் அலைவு தணிந்து மற்றொன்று வளரும். உராய்வுக் கெழு மாறிலியாக இருந்தாலும் இது நிகழும். நான் முதலில் "வழியே இல்லை" என்று சொன்னது ஒற்றை நிறை மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.

இறுதியாண்டு மாணவி

மிக்க நன்றி, ஐயா. கைத்தண்டின் முறுக்கைச் சரிபார்க்கிறேன். இவ்வளவு வடிவியல் இருக்கும்போது நேரடியாக, பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு கூறு முறையில் குறுக்குவெட்டு முழுவதையும் மாதிரியாக்கிவிடலாம் அல்லவா?

ரப்பர்ப்பால்

செய்யலாம், ஆனால் இரண்டு குழிகள் உண்டு. ரப்பரின் பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டியது, அதாவது அதன் கன அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. சாதாரணக் கூறுகளை எடுத்தால் அவை பூட்டிக்கொண்டு ரப்பரை உண்மையைவிடப் பன்மடங்கு விறைப்பாகக் காட்டும். அழுத்தத்தைத் தனி மாறியாகக் கொண்ட கலப்புக் கூறுகள் தேவை. இரண்டாவது குழி ஆழமானது. எவ்வளவு நுண்மையாக வலை பின்னினாலும் தொடுபரப்பில் எந்த உராய்வு விதியைக் கொடுக்கிறீர்களோ அதுவே விடையாக வெளிவரும். தவறான உராய்வு வளைவோடு ஒரு லட்சம் கூறுகளை ஓட்டுவதைவிட, அளந்த வளைவோடு ஒற்றை நிறையை ஓட்டுவதே மேல் என்பது என் கருத்து.

பழைய பொறியாளர்

அந்தக் கருத்தில் பாதியைத்தான் ஏற்பேன். கண்ணாடியோடு தொடும் அகலம், புரளும்போது கழுத்து மடியும் விதம் ஆகிய இரண்டையும் ஒற்றை நிறை சொல்லவே சொல்லாது. உலர்ந்த கண்ணாடியில் கெழு ஒன்று என்றால் நண்பர் அலைவுநாடியின் நுனி 2.2 மி.மீ. விலக வேண்டும், அது 4 மி.மீ. நீளத்தில் பாதிக்கும் மேல். அவ்வளவு பெரிய வளைவில் நேரியல் சுருள்வில் என்பது கற்பனை.

மேசைக்கணக்கு

உராய்வு விதியைப் பற்றி ஒரு சொல். சார்பு வேகம் சுழியைக் கடக்கும் இடத்தில் குறிச் சார்பு எப்போதும் தொல்லை தரும். லுண்ட், கிரெனோபிள் நகரங்களின் ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட லூக்ரே மாதிரியைப் பயன்படுத்துங்கள். அந்த இரு ஊர்களின் பெயரிலிருந்தே மாதிரியின் பெயர் வந்தது. தொடுபரப்பில் நுண்ணிய தூரிகை மயிர்கள் இருப்பதாகவும், அவற்றின் சராசரி வளைவு ஒரு முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டின்படி மாறுவதாகவும் அது கொள்கிறது. ஸ்ட்ரைபெக் சரிவும், சறுக்கத் தொடங்கும் முன் நிகழும் சிறு நகர்வும் ஒன்றாக அடங்கிவிடும். விலை என்னவென்றால், மயிர்கள் மிகவும் விறைப்பானவை என்பதால் சமன்பாடும் விறைத்துவிடும், அதாவது சாதாரண முறைகளில் மிகச் சிறிய காலப் படி கேட்கும். அடுத்த படியின் மதிப்பையும் சமன்பாட்டுக்குள் வைத்துத் தீர்க்கும் உள்ளார்ந்த முறை வேண்டிவரும்.

காற்றோட்டம்

நீண்ட நாள்களாக வாசிப்பவன், முதன்முறையாக எழுதுகிறேன். செங்குத்து விசையை எல்லோரும் 15 நியூட்டன் என்றே வைத்திருக்கிறீர்கள். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் காற்றின் இயங்கு அழுத்தம் ஏறத்தாழ 540 பாஸ்கல்; 25 மி.மீ. உயரமுள்ள பிளேடின் மீது அது மீட்டருக்கு 13.5 நியூட்டன் என்ற அளவிலான விசையைத் தரும். அதில் ஒரு பகுதி பிளேடைக் கண்ணாடியிலிருந்து தூக்கினாலும் உங்கள் அழுத்தம் கணிசமாகக் குறைந்துவிடுமே?

பழைய பொறியாளர்

குறையும். அதனால்தான் பிளேடில் காற்றைத் தடுத்துக் கீழே அழுத்தும் மடிப்பு வைக்கிறார்கள். ஆனால் நண்பர் கேட்டது நின்றிருக்கும் காரின் கீச்சொலி. காற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

அலைவுநாடி

மூன்று நாள்களுக்குப் பின் முடிவுகளோடு வருகிறேன். லூக்ரே உராய்வைப் பொருத்தி, உள்ளார்ந்த முறையில் தீர்த்தேன். நடுவீச்சில் அதிர்வு இல்லை. திரும்புவதற்குச் சற்று முன் நுனி அலையத் தொடங்கி, சில மில்லிவினாடிகளில் ஒட்டி-வழுக்கும் இயக்கமாக முதிர்ந்து, திரும்பும் கணத்தில் அடங்கி, திரும்பியபின் மறுபடியும் எழுந்து மறைகிறது. பிளேடை ஆறு துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோது அலைவு உள்முனையில் முதலில் தொடங்கி வெளியே பரவுகிறது.

கைபேசியில் உண்மையான ஒலியையும் பதிவுசெய்து பார்த்தேன். அதன் உச்சம் 1100 ஹெர்ட்ஸ் அருகே உள்ளது. என் மாதிரியோ 455-ஐ ஒட்டியே நிற்கிறது. ரப்பர் உயர் அதிர்வெண்ணில் விறைக்கும் என்பதால் யங் குணகத்தை மூன்று மடங்காக்கினேன், 790 வந்தது. ஏறக்குறைய ஆறு மடங்காக்கினால் சரியாகப் பொருந்திவிடும். அப்படிச் செய்யலாமா?

ரப்பர்ப்பால்

வேண்டாம். மூன்று மடங்குக்கே சான்று வேண்டும். ஆறு மடங்கு என்பது விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கை எழுதுவது. அதே ரப்பரிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் இயங்கு குணகத்தை (அதிரும்போது காட்டும் விறைப்பை) பல வெப்பநிலைகளில் அளக்கச் செய்யுங்கள். உயர் அதிர்வெண் மதிப்பை வெப்பநிலை நகர்த்தலால் பெறலாம். அதன்பின்னும் இடைவெளி இருந்தால் குற்றம் ரப்பரில் இல்லை, நுனியின் வடிவத்தில் இருக்கிறது. ஒட்டும் கணத்தில் நுனியின் அடிமுனை கட்டற்றது அன்று, கண்ணாடியோடு பிணைந்தது. இரு முனையும் பிடிபட்ட சட்டத்தின் அதிர்வெண் ஒரு முனை பிடிபட்டதைவிட மிகவும் உயர்ந்தது. உண்மை அவ்விரண்டுக்கும் இடையே எங்கோ இருக்கும்.

அலைவுநாடி

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. நுனியை ஒற்றை நிறையாக வைக்காமல் நான்கைந்து கண்ணிகளாகப் பிரித்து, அடிக்கண்ணியின் மீது மட்டும் லூக்ரே உராய்வைச் செலுத்தி எழுதிப் பார்க்கிறேன். ரப்பர்த் துண்டை அளந்துதர ஓர் ஆய்வகத்தைக் கேட்டிருக்கிறேன். எண்கள் வந்ததும் இதே இழையில் இடுகிறேன்.

மேசைக்கணக்கு

இம்முறை காலப் படியையும் சேர்த்து எழுதுங்கள்.